தெரிந்து தெளிதலும் குழாய்த் தொழிலும்

திருக்குறளிலே 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஒருவரை எவ்வாறு ஆராய்ந்து நம்புவது, நம்பியபின் அவரிடம் வினையை எவ்வாறு ஒப்படைப்பது என்பன இவற்றின் பொருள். இரண்டும் அரசனை நோக்கி உரைக்கப்பட்டவை. இவற்றை மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், “முடியாட்சி மறைந்த இக்காலத்திலே இவற்றால் நமக்கு என்ன பயன்?” என்றொரு வினா பின்வாங்கிலிருந்து எழுவதுண்டு. வீட்டுக் குழாய் கசியத் தொடங்கி, அதனைச் செப்பனிட ஓர் ஆளைத் தேடி அலைந்தவர்க்கு அவ்வினாவின் விடை தானே விளங்கும். இன்று ஒவ்வொரு குடித்தனக்காரனும் தன் சிறு வீட்டுக்கு அரசனே. அவன் தேர்ந்தெடுக்கும் வினைஞன் பிழைத்தால் அரசுக்கு நேரும் கேடு அவன் அடுக்களைக்கும் நேரும்.

குழாய்த் தொழிலாளிக்கு நம்மிடையே வழங்கும் பெயர்களை முதலில் நோக்குவோம். ‘பிளம்பர்’ என்பது ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உரோமர் ஈயத்தாற் குழாய் செய்தமையின் அப்பெயர் நிலைத்தது. ஈழத்தார் அவரை ‘பாஸ்’ என்றும் அழைப்பர். தலைவன் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல் அது. பண்டைத் தமிழரோ கைவினையாளரைக் ‘கம்மியர்’ என்றனர். தொழில் செய்வோர் என்பது அதன் பொருள். ஒரு பெயர் பொருளால் வந்தது. ஒன்று மதிப்பால் வந்தது. மற்றொன்று செயலால் வந்தது. இவற்றுள் செயலால் வந்த பெயரே இவ்வாராய்ச்சிக்கு உரியது. மனிதரின் பெருமை சிறுமைகளுக்கு அவரவர் செயலையன்றி வேறு உரைகல் இல்லை என்பதன்றோ வள்ளுவர் கருத்து?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்த இக்கப்பல்துறையிலே என் வீட்டில் நிகழ்ந்ததை எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன். குளியலறைத் தரைக்கடியிற் சென்ற குழாய் கசிந்து, சுவர் அரையடி உயரத்துக்கு நனைந்தது. முதலில் அழைக்கப்பட்டவர் ஐந்து நாளும் “நாளைக் காலமை” என்றார். அந்தக் காலை விடியவே இல்லை. இரண்டாமவர் முற்பணம் பெற்றுத் தரையைக் கொத்தினார். கொத்திய குழியை எமக்கு விட்டுவிட்டு வேறொரு வீட்டு வேலைக்குப் போயினார். மூன்றாமவர் விரைவில் வல்லவர். ஈரம் உலராத பி.வி.சி. குழாயிலே பசை பூசி, கால்மணி நேரத்தில் நீரைத் திறந்து, சீமெந்தும் இட்டு மூடினார். மூன்றாம் நாள் சுவர் மீண்டும் நனைந்தது. இவ்வாறு பதினொரு நாள் கழிந்தன. எண்பது கடந்த என் தாயாருக்கு அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் நீர் சுமந்தோம்.

நான்காவதாக வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முதியவர். இரும்புக் கடைக்காரர் ஒருவர், “அவர் வாங்கிய சாமான் திரும்பி வந்ததில்லை” என்று கூறிய ஒரு சொல்லே அவருக்கு நற்சான்று. அவர் வந்தவுடன் கருவிப் பையைத் திறக்கவில்லை. வீட்டிலுள்ள குழாய்கள் யாவற்றையும் மூடுவித்து, நீர்மானியின் முன் குந்தியிருந்தார். ஒரு துளியும் செலவாகாத வேளையிலும் அதன் சிறு சக்கரம் சுழன்றது. கசிவு உண்டென்பதை இவ்வாறு நிறுவிய பின்னரே, ஒவ்வொரு பகுதியாக வால்வை அடைத்து அதன் இடத்தைக் கண்டார். அப்பியாசக் கொப்பித் தாளொன்றிலே பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு எனத் தனித்தனியே எழுதித் தந்தார். பொருத்திய மூட்டு மறுநாட் காலைவரை உலர வேண்டுமென்றார். மறுநாள் நீரைத் திறந்து, அரைநாள் பார்த்திருந்து, அதன் பின்னரே குழியை மூடச் சம்மதித்தார்.

“ஏன் நானா, இன்றைக்கே மூடினால் என்ன?” என்று கேட்டேன்.

“தண்ணி பொய் சொல்லாது மாஸ்டர். மேல பூசுற சீமெந்துதான் பொய் சொல்லும்” என்றார்.

இத்தனை பொறுமை எதற்கு என்று வினவுவார்க்குக் கணக்கொன்று கூறுவேன். நொடிக்கு ஒரு துளி ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 86,400 துளியை இழக்கும். நான்கு துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், நாளுக்கு 21 லீற்றருக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 லீற்றர். திருகோணமலை நகருக்கும் அயலூர்களுக்கும் குழாய்வழி வரும் நீர் கந்தளாய்க் குளத்தினது. அக்குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20இல் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இம்மாவட்டத்தார் மறவார். நீர் பெரிதாயினும் சிறிதாயினும், தனக்கு விடப்பட்ட இடுக்கைத் தேடியே தீரும்.

நீரிழப்பினும் பெரிது நோயச்சம். குழாயில் அழுத்தம் உள்ளபோது கசிவின் வழியே நீர் வெளியேறும். விநியோகம் நின்று அழுத்தம் குறைந்தபோது அவ்வழியே புறத்தேயுள்ள அழுக்குநீர் உட்புகக் கூடும். 1871இல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரானவர், தைபோயிட்டுக் காய்ச்சலால் இறக்கும் நிலையை எய்தினார். அவர் தங்கிய மாளிகையின் பழுதான வடிகாலே காரணம் எனக் கருதப்பட்டது. அரசகுமாரனுக்கு நேர்ந்தமையின் நாடு விழித்தது. 1886இல் இலண்டன் குழாய்த் தொழிலாளர் சங்கம் தகுதியுடையோரைப் பதிவுசெய்யத் தொடங்கியது. நம் காலத்திலோ, 2003இல் ஹொங்கொங் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றிலே முந்நூறுக்கு மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் பற்றியது. தரை வடிகால்களின் வளைகுழாயில் நிற்கவேண்டிய நீர் வற்றியமை, நோய் வீட்டுக்கு வீடு பரவிய வழிகளுள் ஒன்றெனக் கண்டனர். ஒரு சாண் வளைவில் நிற்கும் சிறங்கை நீர் ஒரு குடும்பத்தின் காவலாளி என்பதை அறிந்தவனே குழாய்த் தொழிலாளி.

இனி, குற்றம் முழுவதும் தொழிலாளர் பக்கத்ததோ எனின், அன்று. “ஏன் உங்களவர் சொன்ன நாளில் வருவதில்லை?” என்று அம்முதியவரிடமே கேட்டேன். வேலை முடிந்த அன்றே கூலி தருவார் அரியர். அதனால் ஒருவன் மூன்று வீட்டு வேலையை ஒருங்கே ஏற்று, யார் காசு தருவாரோ அங்கே போகிறான் என்றார். கைத்திறமுடைய இளைஞர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். ஊரிலே கற்றுக்கொடுக்க ஆள் குறைகிறது. அவருடைய தந்தையார், பிரித்தானியர் 1957இல் விட்டுச்சென்ற கடற்படைத் தளத்துப் பட்டறையிலே தொழில் பயின்றவராம். ஆண்டுக்கணக்காக ஒருவர்பின் நின்று பார்த்த பின்னரே அங்குக் கருவி கையில் தரப்படுமாம். மேலும், கூலியைப் பாதியாகக் குறைக்கப் பேரம் பேசிப் பெறுகின்ற வேலை பாதி வேலையாகவே இருக்கும் என்பதில் வியப்பென்ன?

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. க.பொ.த. சாதாரண தரத்திலே தவறிய பிள்ளையை நோக்கி, “இனிப் பைப் வேலைக்குத்தான் போகலாம்” என்று கூறும் வழக்கம் நம் பாடசாலைகளிற் குடிகொண்டுள்ளது. கழிவுநீர்க் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடிச் சரிவு வேண்டுமெனின், அதைக் கணக்கிடுவதற்கும் கணிதம் வேண்டுமன்றோ? கணிதம் வராதவர்க்கு உரிய தொழில் இது என்று நாமே பழித்துவிட்டு, பின்னர்த் தேர்ந்தவர் இல்லையென வருந்துதல் முறையாகாது. நம் நாட்டிலே மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக வழங்கப்படுகிறது. நெடுங்காலம் தொழில் செய்தோர் வகுப்பறைக்குச் செல்லாமலே, தம் திறனைக் காட்டிச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. இதனை மாணாக்கருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைத்தல் நம் கடமை.

ஆயின், தெரிந்து தெளியும் நெறிதான் யாது? கண்டதும் நம்புதலும் தீது. தேர்ந்தெடுத்தபின் ஐயுற்றுத் தலைமாட்டிலே நின்று தொல்லைப்படுத்தலும் தீது. முதலிற் சிறு வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பழுதைக் காணுமுன் விலை கூறுபவரை விலக்குங்கள். மதிப்பீட்டை எழுத்திற் பெறுங்கள். பொருள்களுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். முற்பணம் பொருளின் விலையளவோடு நிற்கட்டும். சோதித்துக் காட்டுமுன் எதையும் மூட விடாதீர்கள். வேலை செவ்விதாயின், அவர் கருவிகளைக் கழுவி முடிக்குமுன் கூலியைக் கையிலே கொடுங்கள். பிணக்கு நேரின், 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையும், 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் உள்ளன. அங்கும் எழுத்தே துணை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள. அங்கே நாளிதழ் வாசிக்கும் மேசைமேல் ஒரு கொப்பியை வைத்தல் அரிதன்று. தொழிலாளியின் பெயர், அவரது தகைமை, செய்த வேலை, ஆறு திங்களின் பின் அவ்வேலையின் நிலை ஆகியவற்றை வீட்டுக்காரர் அதில் எழுதட்டும். அக்கொப்பியின் மறுபக்கத்தைத் தொழிலாளருக்கு ஒதுக்குவோம். பேசிய கூலியைப் பேசிய நாளிலே கொடுத்த வீடு எது, ஆறுமுறை நடக்கவைத்த வீடு எது என அவர்கள் எழுதட்டும். இரு பக்கமும் ஒருங்கே நிரம்பிய ஊரிலே நல்ல வினைஞர் தங்குவர். அவரைத் தேடி அலையும் துன்பமும் அங்கே குறையும்.