உஷார்! பூனையின் வாய் நாறினால் மீன்மேல் பழி போடாதீர்கள்

“மீன் தின்கிற வாய், நாறத்தான் செய்யும்.” பூனை வளர்க்கும் வீடுகளில் இந்த ஒரு பேச்சு செய்துவரும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. மத்தி தின்ற வாடை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மீனே போடாத நாளிலும், பூனை கொட்டாவி விடும்போது நமக்குக் குடலைப் புரட்டினால், அது மீன் வாடை அல்ல. அழுகும் ஈறின் வாடை, சில சமயம் சீழின் வாடை. ஆரோக்கியமான பூனையின் வாய் நாறாது. நாறினால் உள்ளே நோய் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கோ ஒரு பூனைக்கு வருகிற நோயும் அல்ல. நாலு வயதைத் தாண்டிய பூனைகளில் 50 முதல் 90 சதவீதம் வரை ஏதாவதொரு பல் நோயோடு இருப்பதாக ஆய்வுகளை எடுத்துக்காட்டுகிறது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பூனை நல மையம். உங்கள் பூனைக்கு ஐந்து வயதாகி, இதுவரை ஒருமுறைகூட அதன் வாயைத் திறந்து பார்த்ததில்லை என்றால், இந்தக் கணக்கில் அதுவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சாப்பிடுகிறதே, அப்புறம் என்ன?

இதுதான் அடுத்த ஆபத்தான நம்பிக்கை. பூனை வலியை ஒளித்துவைக்கும் பிராணி. பல் வலிக்கிறது என்று கத்தாது. பசி பொறுக்காமல் வலியோடே தின்னும். ஆகவே நீங்கள்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்கிறதா? எடுத்த துண்டு வாயிலிருந்து கீழே விழுகிறதா? தட்டை நோக்கி ஆசையாக ஓடிவந்து, ஒரு வாய் வைத்ததும் சீறிவிட்டு ஓடுகிறதா? முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறதா? எச்சில் ஒழுகுகிறதா? உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டதால் ரோமம் சிக்குப் பிடித்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வாயில் வலி இருக்கலாம்.

வாய்க்குள் நடப்பது என்ன?

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். அவற்றின்மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை நீக்காவிட்டால், எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து சில நாட்களிலேயே மஞ்சளும் பழுப்புமான காரையாக இறுகிவிடும். ஈறின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் ஈறு அழற்சி தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் சிகிச்சை செய்தால் முழுதாகத் திருப்பிவிடலாம். தவறவிட்டால் கிருமி ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு திரும்ப வராது.

பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இன்னொரு கொடுமை, பல் தன்னைத்தானே கரைத்துக்கொள்வது. வெளியே பார்த்தால் ஈறு லேசாகப் பல்மேல் ஏறியதுபோல் மட்டும் தெரியும். அடியில் வேர் கரைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தைத் தொட்டால் தாடை வெடவெடவென்று நடுங்கும். சில பூனைகளுக்கு வாய் முழுவதுமே ரணமாகிவிடும். கேலிசி வைரஸ் தொற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இந்த ரணத்துக்குப் பெரும்பாலான பற்களைப் பிடுங்குவதுதான் பல நேரங்களில் பலன் தரும் சிகிச்சை. கேட்கவே பதறும். ஆனால் வலி போனபிறகு பல்லே இல்லாத பூனைகள் நன்றாகச் சாப்பிட்டுத் தேறுகின்றன.

பெர்ஷியன் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சப்பை முகத்தின் சின்னத் தாடையில் பற்கள் நெருக்கியடித்து வளர்வதால் காரை சீக்கிரம் சேரும்.

பல்லைத் தாண்டியும் காரணம் இருக்கலாம்

வாயில் மூத்திர வாடையோ அமோனியா நெடியோ அடித்து, பூனை தண்ணீரும் நிறையக் குடித்தால் சிறுநீரகத்தைச் சந்தேகியுங்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம்போல இனிப்பு நெடி வந்து, பூனை சோர்ந்து கிடந்தால் அது முற்றிய சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டிய நிலை. வயதான பூனைக்குத் தாடையில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, ரத்தம் கலந்த எச்சில் வடிந்தால் வாய்ப்புற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கைவைத்தியம் உயிரைப் பறிக்கும்

இங்கேதான் நெஞ்சு பதறுகிறது. நாற்றம் பிடித்த பூனையை வீட்டார் பலர் அலட்சியத்தால் இழப்பதில்லை, அன்பால் இழக்கிறார்கள்.

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரைக் குடிக்கலாம். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு திணறும். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், முறிமருந்து உண்டு. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் இதேபோல் நஞ்சு.

நம் பல்வலிக்கு வைக்கும் கிராம்பு எண்ணெயைப் பூனையின் ஈறில் தடவாதீர்கள். அதிலுள்ள யூஜினாலைப் பூனையின் உடல் எளிதில் வெளியேற்றாது. டீ ட்ரீ எண்ணெயும் ஆகாது. நம் பற்பசையைப் பூனை துப்பாது, விழுங்கும். ஃப்ளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்குள் போகும். உப்பு நீர் கொப்பளிப்பதும் பூனைக்கு நடக்காத காரியம். உப்பு உள்ளே போவதுதான் மிச்சம்.

பூ கட்டுகிற நூலோ தையல் நூலோ நாக்குக்கு அடியில் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் இருக்கலாம். இழுத்தால் குடல் கிழியும்.

மற்றோர் எச்சரிக்கை உங்கள் உயிருக்கானது. வெளியே சுற்றும், தடுப்பூசி போடாத பூனை திடீரென்று எச்சில் ஒழுகவிட்டு, குணமும் மாறியிருந்தால் அதன் வாய்க்குள் கைவிடாதீர்கள். ரேபிஸாக இருக்கலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஊசி போடப் போங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

“மயக்கம் கொடுக்காமலே பல்லைச் சுத்தம் செய்கிறோம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் காரையை மட்டும் சுரண்டுவது வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்க மேலே சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. நோய் இருப்பது ஈறுக்கு அடியில். மயக்கமில்லாமல் சுத்தம் செய்வதை அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி தெளிவாகவே எதிர்க்கிறது. முறையான சிகிச்சையில் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, தண்ணீர் நுரையீரலுக்குப் போகாமல் காப்பார்கள். “பல் எக்ஸ்ரே எடுப்பீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். வேர் கரைவது எக்ஸ்ரேயில்தான் முழுதாகத் தெரியும். ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் நாற்றம் குறைந்தால் நோய் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். காரை அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்தில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

தடுக்கச் சிறந்த வழி, தினமும் பல் துலக்குவதுதான். பூனைக்கென்று விற்கும் பற்பசையை முதலில் விரலில் தொட்டு நக்கவிடுங்கள். சில நாள் கழித்து உதட்டைத் தூக்கி விரலால் தடவுங்கள். பிறகு சின்ன மென்மையான பிரஷ். பல்லின் வெளிப்பக்கம் மட்டும் போதும், அரை நிமிடம் போதும். குட்டியிலேயே பழக்கினால் எளிது. ஏற்கெனவே ஈறு புண்ணாக இருந்தால் முதலில் சிகிச்சை, அப்புறம்தான் பிரஷ். சாதாரண உலர் தீவனம் பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பல பூனைகள் அதை மெல்லாமலே விழுங்குகின்றன.

இன்றே, பூனை சாந்தமாக இருக்கும் நேரம் பார்த்து, வெளிச்சத்தில் உதட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். சிவப்பு, காரை, நாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, கொழுத்த பூனைக்கு உடல் கொழுப்பெல்லாம் கல்லீரலில் குவிந்து, பல் நோயாக ஆரம்பித்தது உயிர்ப் போராட்டமாக முடியும்.