ஈஸி, மாடரேட், டஃப்: மலைக்கு எப்படி மார்க் போடுறாங்க?

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கே க்ளாஸ் க்ரூப்பில் "ட்ரெக் போலாமா?" என்று ஒரு மெசேஜ் வரும். அடுத்த கேள்வி, "ஈஸியா, கஷ்டமா?" ஒருத்தன் "செம ஈஸி மச்சான்" என்பான். இன்னொருத்தி "எங்க அக்கா போய்ட்டு வந்து ரெண்டு நாள் மாடிப்படி இறங்கல" என்பாள். ரெண்டு பேரும் ஒரே மலைக்குத்தான் போயிருப்பாங்க. யாரும் பொய் சொல்லல. 'கஷ்டம்' என்ற ஒரே வார்த்தைக்குள்ள நாம ரெண்டு மூணு விஷயத்தைத் திணிக்கிறோம், அதுதான் பிரச்சினை.

உயரத்தை வைத்துக் கணக்குப் போடுறது முதல் தப்பு. நீலகிரியின் உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2637 மீட்டர். அங்கே வண்டியிலேயே போய் டீ குடிச்சுட்டு வரலாம். அதைவிட எவ்வளவோ தாழ்வான மலைகள் முட்டியைக் கழட்டிடும். உச்சி எவ்வளவு உயரம் என்பதைவிட, நாம காலால் எவ்வளவு ஏறணும், எந்த மாதிரித் தரையில் ஏறணும் என்பதுதான் முக்கியம்.

தரையை அளக்க அமெரிக்காவில் உருவான ஒரு ஸ்கேல் இருக்கு. பெயர் யோசெமிட்டி டெசிமல் சிஸ்டம். க்ளாஸ் 1 என்றால் பாதையில் நடை. க்ளாஸ் 2 கரடுமுரடு, பேலன்ஸுக்கு அப்பப்போ கை ஊன்றணும். க்ளாஸ் 3 வந்ததும் கதை மாறுது. கையால் பாறையைப் பிடிச்சாத்தான் மேலே போக முடியும். இதைத்தான் ஸ்க்ராம்ப்ளிங் என்கிறார்கள். க்ளாஸ் 4 அதே மாதிரிதான், ஆனா கீழே பள்ளம். விழுந்தா உயிர் போகலாம், அதனால் பலர் கயிறு போடுவாங்க. க்ளாஸ் 5 முழு க்ளைம்பிங்: கயிறு, ஹார்னஸ், கீழே கயிறைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பார்ட்னர்.

க்ளாஸ் 5-க்குள்ள மட்டும் 5.0-லிருந்து 5.15 வரை பிரிவு உண்டு. மேக்ஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் கண்ணை மூடிக்கோங்க. இங்கே 5.9-க்கு அப்புறம் 5.10 வரும், அது 5.9-ஐவிடக் கஷ்டம். டெசிமல் என்று பெயர் வச்சுட்டு இப்படிப் பண்ணிட்டாங்க. பைத்தான் 3.9-க்கு அப்புறம் 3.10 வந்த மாதிரி எடுத்துக்கலாம்.

இன்னொரு விஷயம், இந்த மார்க் மலைக்கு இல்லை, வழிக்கு. யோசெமிட்டியில் இருக்கும் ஹாஃப் டோம் பாறையையே எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் கடைசி 120 மீட்டர் போல இரும்புக் கேபிளைப் பிடிச்சு ஏறலாம். கயிறு கட்டி ஏறத் தெரியாத ஆயிரக்கணக்கானவங்க அப்படித்தான் உச்சிக்குப் போறாங்க. இன்னொரு பக்கம் ஸ்னேக் டைக் என்ற 5.7 ரூட். செங்குத்தான வடமேற்கு முகத்தை 1957-ல் ராயல் ராபின்ஸ் குழு முதன்முதலா ஏறினப்போ 5 நாள் ஆச்சு. மூணு வழியும் போய்ச் சேர்றது ஒரே உச்சிக்கு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கோயம்புத்தூர் பக்கத்தில் வெள்ளியங்கிரி. தரையை மட்டும் பார்த்தா க்ளாஸ் 1, சில இடத்தில் 2. மூங்கில் கம்பு இருந்தா போதும். ஆனா ஏழு மலை, ஒரு வழிக்கு மட்டும் சுமார் 6 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன ஒரு ஃபார்முலா இருக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6-ஐ 5-ஆல் வகுத்தா 1.2, ஆயிரத்தை 600-ஆல் வகுத்தா 1.67. ஆக, ஏற மட்டும் கிட்டத்தட்ட 3 மணி நேரம். இது பழகினவங்களுக்கு, ஓய்வே இல்லாம. ஹாஸ்டல் பரோட்டாவில் வளர்ந்த நமக்கு ரெண்டால் பெருக்கிக்கோங்க. சீசனில் வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறல், மாரடைப்பு என்று செய்தி வர்றதுக்குக் காரணம் பாறை இல்லை, இந்தக் கணக்குதான்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை வேற ரகம். மேல் பகுதியில் கடப்பாரைப் படி, ஏணிப் படி, பிடிச்சு ஏறச் சங்கிலி. என்னைக் கேட்டா அது க்ளாஸ் 3, இரும்பு போட்டதால் மக்கள் போக முடியுது. ஐரோப்பாவில் இதே மாதிரி இரும்புப் பாதைக்கு வியா ஃபெராட்டா என்று பெயர். அங்கே ஹார்னஸ் மாட்டி, ரெண்டு கொக்கியைக் கேபிளில் மாட்டிக்கிட்டே போவாங்க. ஒண்ணைக் கழட்டும்போது இன்னொண்ணு மாட்டியிருக்கும். இங்கே நம்ம கைதான் கொக்கி. அதனால் கை, கால் நாலில் மூணு எப்பவும் பிடியில் இருக்கணும், ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் நகர்த்தணும். செல்ஃபிக்கு ஒரு கையை எடுத்தா கணக்கு உதைக்கும். மழை பெஞ்சிருந்தா இன்னும் மோசம். இறங்கும்போது காலை எங்கே வைக்கிறோம்னு கண்ணுக்குத் தெரியாது, அதனால் இந்த மாதிரி இடங்களில் ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம். ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும் இடத்தில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பித்தான் இறங்கணும்.

க்ளாஸ் 5-ஐ யூட்யூப் பார்த்துக் கத்துக்க முடியாது. ஒரே ஒரு உதாரணம்: ஏறுறதுக்கு வாங்குற கயிறு டைனமிக், விழுந்தா நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கும். ஸ்டாட்டிக் கயிறு அப்படி நீளாது, மொத்த விசையும் உங்க இடுப்பில்தான் வந்து விழும். கடையில் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

இவ்வளவு சொல்லியும், இந்த ஸ்கேலில் இல்லாத ஒண்ணு இருக்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைக்குப் போய்ட்டு இறங்கிட்டிருந்தவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தாங்க. பலர் நம்ம வயசுக்காரங்க, இல்லைன்னா நாலஞ்சு வயசு பெரியவங்க. அது பாறை ஏறுற வழியே இல்லை, நடைபாதை. ஆனா மார்ச் மாசம், காய்ஞ்ச புல், சரிவு. தீ மேல்நோக்கிப் போகும்போது மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிடும். சரிவு 10 டிகிரி கூடினா பரவும் வேகம் சுமாரா ரெண்டு மடங்கு என்பது தீயணைப்பில் பயன்படுத்தும் கணக்கு. எப்பேர்ப்பட்ட ஃபிட்டான ஆளும் சரிவில் மேல்நோக்கி ஓடி அதை ஜெயிக்க முடியாது.

2024 அக்டோபரில் அரசு தொடங்கின ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 வழிகள் இருக்கு. ஈஸி, மாடரேட், டஃப் என்று பிரிச்சிருக்காங்க, உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், காட்டுத்தீ பருவத்தில் மூடிடுவாங்க. "அனுமதி எல்லாம் எதுக்கு, எனக்குப் பின்பக்க வழி தெரியும்" என்கிற சீனியர் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், கை வச்சு ஏறுற இடம் எங்கே, தண்ணி கடைசியா எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்கு உச்சி வரலைன்னாலும் திரும்பிடணும் என்று நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. நாலாவதுக்குப் பதில் இல்லைன்னா அந்த ப்ளானுக்கு யூபிஐயில் காசு அனுப்பாதீங்க.