பிரான்சைச் சுற்றும் பந்தயம்

'தூர் த பிரான்சு' எனும் துவிச்சக்கர வண்டிப் பந்தயம் 1903ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தொடங்கப்பெற்றது. இன்று அது 21 கட்டங்களாக மூன்று வாரம் நிகழ்கின்றது. அன்றன்று முந்துவோன் வெற்றியாளன் அல்லன். எல்லா நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டுமிடத்து எவனது தொகை குறைந்ததோ, அவனே மஞ்சட் சட்டைக்கு உரியவன். 1956இல் வென்ற வல்கோவியாக் ஒரு கட்டத்திலேனும் முதலிடம் பெற்றிலர்! 1989இல் 3,285 கிலோமீற்றர் ஓடிய பின்னர் அமெரிக்கரான லெமண்ட் வென்றது 8 செக்கன் வேறுபாட்டினால்.

எனினும், யாம் பெரிதும் வியப்பது துணைவரையே. கல்முனைத் தெருவிற் கச்சான் காற்றை எதிர்த்து மிதித்தோர், முன்செல்வோன் முதுகின்பின் ஒதுங்கினால் உழைப்புக் குறைதலை அறிவர். ஆங்கும் தலைவனுக்காகக் காற்றைத் தாங்குவதே துணைவர் தொழில். பரிசுப் பணத்தை வென்றவன் அவரோடு பகிர்ந்துகொள்வது வழக்கம். மஞ்சட் சட்டையைப் பகிர்தல் இயலாது.