மோட்டாருக்கும் காய்ச்சல் வரும்!



நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல், வீட்டில் யாராவது ஒருவர் தறிக்கோ ஸ்பின்னிங் மில்லுக்கோ அரிசி ஆலைக்கோ வேலைக்குப் போகிறார்கள். அங்கே எல்லாம் ஓட வைப்பது மோட்டார்தான். மோட்டார் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வாரச் சம்பளம் குறையும். என் அப்பா, எரிந்து போன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

மோட்டார் எப்படிச் சுற்றுகிறது?

மின்சாரத்தையும் காந்தத்தையும் கொண்டு ஒரு கம்பியைச் சுற்ற வைக்கலாம் என்று 1821-ல் மைக்கேல் பாரடே செய்து காட்டினார். இன்று மில்களில் ஓடுகிற வகை மோட்டாருக்கு 1888-ல் நிக்கோலா டெஸ்லா காப்புரிமை வாங்கினார். நம் கோயம்புத்தூருக்கும் இதில் பெருமை உண்டு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மோட்டார் செய்தார்கள்.

மோட்டாரின் கூட்டுக்குள் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதுதான் காயில். அதில் மூன்று பேஸ் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது காந்தப்புலம் சுற்ற ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டார் சுமார் 1440 சுற்றுதான் சுற்றும். எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும்!

அந்தச் செப்புக் கம்பி மேல் மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கும். கம்பியும் கம்பியும் ஒட்டாமல் காப்பது அதுதான். பூச்சு கருகினால் ஷார்ட் ஆகிவிடும். மோட்டார் அவ்வளவுதான். உள்சூடு அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால் அந்தப் பூச்சின் ஆயுள் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதைத்தான் நான் காய்ச்சல் என்று சொல்கிறேன்.

காய்ச்சல் எதனால் வருகிறது?

1. ஒரு பேஸ் போவது: மூன்று பீஸில் ஒன்று போய்விட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு பேஸை வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டே ஓடும். அப்போது அந்த இரண்டு வயரிலும் வழக்கத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்ட் போகும். கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும். இதைத் தடுக்க சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்று ஒரு கருவி உண்டு.

2. ஓவர்லோடு: மோட்டார் மேல் அடித்திருக்கும் தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஸ்டார்ட்டரில் உள்ள ரிலேயை அந்த அளவுக்குத்தான் வைக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று சிலர் ரிலேயைக் கூட்டி வைத்துவிடுவார்கள். பீஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றி விடுவார்கள். இது காய்ச்சல் காட்டுகிற தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவது மாதிரி.

3. பஞ்சும் தவிடும்: மோட்டாரின் பின்னால் ஒரு விசிறி இருக்கும். அது தள்ளுகிற காற்று, கூட்டின் மேல் உள்ள பட்டைகள் வழியாக ஓடிச் சூட்டை இறக்கும். பஞ்சோ தவிடோ அங்கே அப்பிக்கொண்டால், மோட்டார் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுகிற மாதிரிதான். மெயினை ஆப் செய்துவிட்டு அடிக்கடி துடைக்க வேண்டும்.

4. பேரிங்: கிரீஸ் குறைந்தால் பேரிங் தேய்ந்து கரகரவென்று சத்தம் வரும். அதற்காக நிறைய அடைத்தாலும் தப்பு, அதனாலும் சூடாகும். பெல்ட்டை ரொம்ப இறுக்கினாலும் பேரிங்தான் அடிபடும்.

5. ஈரம்: மழைக்காலத்தில் பல நாள் ஓடாமல் கிடந்த மோட்டாரை அப்படியே போடக்கூடாது. மெக்கர் என்ற கருவியால் காயிலுக்கும் கூட்டுக்கும் நடுவில் மின்தடையைப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் காயவைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

மோட்டாரைப் பிரித்ததுமே எதனால் எரிந்தது என்று அப்பா சொல்லிவிடுவார். எல்லாச் சுருளும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு. சில சுருள் கரியாகி, மற்றது புதுசு மாதிரி இருந்தால் ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. "மோட்டார் சும்மா எரியாது கண்ணு. சத்தம் மாறும், வாசம் வரும், சூடு ஏறும். சொல்லிட்டுத்தான் எரியும். நாமதான் கேக்கறதில்ல" என்பார்.

மனிதருக்கு ஸ்பேர் கிடையாது

எரிந்த மோட்டாருக்கு மறுபடி காயில் கட்டலாம். ஆளுக்கு அப்படி முடியாது. என் சித்தப்பா ஒரு மில்லில் வேலை செய்தபோது, ஸ்டார்ட்டரில் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு மோட்டாரில் லூசான வயரை முடுக்கிக்கொண்டிருந்தார். அது தெரியாமல் வேறொருவர் வந்து பச்சை பட்டனை அமுக்கிவிட்டார். சித்தப்பா தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்காது. யார் மேல் குற்றம் என்று வீட்டில் ரொம்ப நாள் பேசினார்கள். மெயினை ஆப் செய்து ஒரு போர்டு மாட்டியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அதனால் மோட்டாரில் கை வைக்கும் முன்:

* ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தினால் போதாது. மெயினை ஆப் செய்ய வேண்டும். முடிந்தால் பூட்டு போட வேண்டும். இல்லையென்றால் பீஸ் கட்டையைக் கழற்றித் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

* "ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதே" என்று போர்டு மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்.

* டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் இருக்கிற இடத்தில் முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் மோட்டாரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

* மூன்று பேஸ் மோட்டாரின் கூட்டிலிருந்து இரண்டு எர்த் கம்பி போக வேண்டும். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும்.

* யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப் போய்ப் பிடிக்கக்கூடாது, பிடிப்பவருக்கும் அடிக்கும். முதலில் மெயினை ஆப் செய்துவிட்டு 108-க்குப் போன் செய்ய வேண்டும். மோட்டார் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மெயினை நிறுத்திவிட்டு மணல் போடலாம்.

இந்த வேலையை எல்லாம் எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும். நாம் யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. ஆனால் கேள்வி கேட்கலாமே! இன்று ராத்திரி உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ அண்ணனிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் மில்லில் மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா? ரிப்பேர் செய்யும்போது போர்டு மாட்டுகிறார்களா? மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு "தெரியாது" என்று பதில் வந்தால், நாளைக்கு வேலைக்குப் போனதும் முதலில் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி