இடியைக்கூடத் திருடலாம்... தெரியுமா?

‘ஸ்டீல்’ என்றதும் சமையலறை டம்ளர்தானே ஞாபகம் வருகிறது? உச்சரிப்பு மாறாமல், ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறி, ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஸ்டீல்’ இருக்கிறது. அதற்குத் திருடு என்று பொருள்! டம்ளரைக் களவாடினால்? ஸ்டீலையே ஸ்டீல் பண்ணியாச்சு!

பேங்கை ‘ஸ்டீல்’ பண்ண முடியுமா? முடியாது! பணத்தைத்தான் ஸ்டீல் பண்ணலாம். பேங்கை ‘ராப்’தான் பண்ணலாம், அதாவது கொள்ளையடிக்கலாம். பேங்கை ஸ்டீல் பண்ணிவிட்டான் என்று சொன்னால், கட்டடத்தையே பெயர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று அர்த்தம்! பதற்றத்தில் ‘மை பர்ஸ் வாஸ் ராப்டு’ என்கிறோமே, அதுவும் தப்பு. ராப் ஆனது பர்ஸ் இல்லை சார், நாம்!

இடி திருட்டு நடந்தது எங்கே தெரியுமா? லண்டன், டுரூரி லேன் தியேட்டரில்! ஆண்டு 1709. ஜான் டென்னிஸ் என்பவர் தன் நாடகத்துக்காக இடி முழக்கம் எழுப்பப் புது வழி கண்டுபிடித்தார். இடி பிரமாதம், நாடகம் படுதோல்வி! சில நாளிலேயே தூக்கிவிட்டார்கள். பிறகு அதே அரங்கில் ‘மேக்பெத்’ நாடகம் பார்க்கப் போய் உட்கார்ந்தால்... மேடையில் அவருடைய இடி! என் நாடகத்தை ஓடவிடாதவர்கள் என் இடியை மட்டும் திருடிக்கொண்டார்களே என்று எழுந்து நின்று கத்தினாராம் மனிதர். நாம் சொல்ல வைத்திருந்ததை முந்திக்கொண்டு ஒருவர் சொல்லிப் பெயர் வாங்கினால், இன்றும் ஆங்கிலத்தில் அது ‘தண்டர்’ (இடி) திருட்டுதான்!

ரேடார் கண்ணில் மண்ணைத் தூவும் ‘ஸ்டெல்த்’ விமானம் தெரியுமல்லவா? அந்தச் சொல்லும் ஸ்டீலின் உறவுதான்! ஒரு காலத்தில் அதற்குத் திருட்டு என்றே பொருள். பிறகுதான் ‘ஓசைப்படாமல்’ என்று ஆனது. நம்ம ‘களவு’ம் லேசுப்பட்டதா? தொல்காப்பியத்தின் களவியலில் திருடனைத் தேடினால் ஏமாற்றம்தான். அங்கே இருப்பது ஊருக்குத் தெரியாத காதல்!

1,406 முறை ‘திருடியவருக்கு’க் கைதட்டல் கிடைத்த கதை தெரியுமா? அமெரிக்க பேஸ்பால் வீரர் ரிக்கி ஹெண்டர்சன்! எதிரணி அசந்த நேரம் பார்த்து அடுத்த ‘பேஸ்’ஸுக்குப் பாய்வதுதான் அங்கே ஸ்டீல். 1982 சீசனில் மட்டும் 130!

கடையில் ‘இட்ஸ் எ ஸ்டீல்’ என்றால்? அடிமாட்டு விலை! போலீஸ் வேண்டாம், பர்ஸை எடுங்கள்!

பிரிட்டன் பேச்சு வழக்கில் ‘நிக்’ என்றாலும் திருடுவதுதான். கைது செய்வதும் ‘நிக்’. ஜெயிலும் ‘நிக்’! ஆக, நிக் பண்ணினவனை நிக் பண்ணி, நிக்கிலேயே போடலாம்!