முருகைக்கல்லை ஏன் அளக்கிறார்கள்?

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாமலை. சென்ற விடுமுறையில் மாமாவின் படகில் குடும்பமாக அங்கு போனோம். கரையில் மணலைவிட உடைந்த முருகைக்கல் துண்டுகளே அதிகம், காலில் குத்தின. "கல்லெல்லாம் செத்துப் போச்சா மாமா?" என்று கேட்டேன். "இல்ல மகள், தண்ணிக்குள்ள நல்லாத்தான் இரிக்கி" என்றார். நல்லாயிருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு விடை தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

நாம் கல் என்று சொல்வது உண்மையில் ஒரு விலங்குக் கூட்டம். பொலிப்பு எனப்படும் சின்னஞ்சிறு உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தமக்கடியில் கல்சியம் காபனேற்றைப் படியவிடுகின்றன. ஒரு கூட்டத்தைக் கொலனி என்பர். பொலிப்பின் இழையத்துக்குள் வாழும் அல்காக்கள் ஒளித்தொகுப்புச் செய்து அதற்கு உணவு கொடுக்கின்றன. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அல்காக்கள் வெளியேறிவிடும், கல் வெளிறும், வெப்பம் நீடித்தால் இறந்தும் போகும். 1998 இல் இலங்கையின் ஆழம் குறைந்த பல முருகைக் கற்பாறைகள் இப்படி அழிந்தபோது, திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பிக்கொண்டது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்ட புறாமலைக்கு அதனால் மதிப்பு இன்னும் கூடியது. யுத்தம் முடிந்த பின் சுற்றுலாப் பயணிகளும் கூடினார்கள். அவர்களில் கல்லின் மேலேயே ஏறி நிற்பவர்களும் உண்டு.

பாறையின் நலத்தைப் பார்க்க வழக்கமாக எடுக்கும் கணக்கு, அடித்தளத்தில் எத்தனை வீதத்தை உயிருள்ள கல் மூடியிருக்கிறது என்பது. இதில் ஒரு குறை இருக்கிறது. கொப்பியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 100 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டக் கொலனியின் பரப்பு ஏறத்தாழ 7854 சதுர சென்ரிமீற்றர். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நூறு கொலனிகளின் மொத்தப் பரப்பும் அதே 7854 தான்! வீதக் கணக்குக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கடலில் அவை ஒன்றல்ல. பெரிய கொலனிதான் முட்டைகளை ஏராளமாக வெளிவிடும். மிகச் சிறியவை இன்னும் இனம்பெருக்கும் பருவத்துக்கே வந்திரா. மறுபக்கம், பெரியவை மட்டும் இருந்து சின்னவை இல்லையென்றால், புதிய குடம்பிகள் வந்து ஒட்டவில்லை அல்லது ஒட்டியும் தப்பவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளே இல்லாத ஊர் வெளியிலிருந்து பார்க்க அமைதியாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு கொலனியையும் அளக்கிறார்கள். அளவு நாடாவை விரித்து, அதன் ஓரமாகக் குறித்த அகலப் பட்டிக்குள் மையம் விழும் கொலனிகளை எடுத்துக்கொள்வார்கள். நாடாக் கோடு தொடும் கல்லை மட்டும் எடுத்தால் பெரியவையே அதிகம் அகப்படும், சின்னவை தவறிவிடும். மிக நீண்ட விட்டத்தையும் அதற்குச் செங்குத்தான விட்டத்தையும் குறிப்பார்கள். 30, 20 சென்ரிமீற்றர் என்றால், நீள்வட்டமாகக் கொண்டு பரப்பு சுமார் 471 சதுர சென்ரிமீற்றர். பின்னர் எந்த அளவில் எத்தனை என்று வரைபு கீறுவார்கள்.

அளவை வைத்து வயது சொல்லலாமா என்றுதான் நான் முதலில் நினைத்தேன். முடியாது. கிளைவிடும் அக்ரோபோரா வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர்கூட வளரும்; உருண்டையான பொரைட்டீஸ் ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான். அதைவிட, பெரிய கொலனியின் ஒரு பகுதி இறந்து மீதி துண்டு துண்டாக உயிர் பிழைப்பதும் உண்டு. அப்போது கிழவி குழந்தையைப் போல் தெரிவாள். 1980 இல் ஹியூஸ், ஜாக்சன் என்ற இருவர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எனவே இறந்த பகுதியையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இந்த முறையின் பலம் அவுஸ்திரேலியாவில் தெரிந்தது. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1995 அளவில் எடுத்த அளவுகளை 2017 வரையானவற்றோடு ஒப்பிட்டு, 2020 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கொலனிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. அதுவும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று எல்லா அளவிலும். பழைய அளவுகளை யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். போன கிழமை புறாமலைக்குப் போய் வந்தவர், "கையளவுகூட இல்லாத சின்னக் கல்லுகள் கண்டன் மகள்" என்றார். எத்தனை என்று கேட்டேன். எண்ணவில்லையாம்.