நாங்கள் அனுப்பாத மெயில்

போன கார்த்திகையில் ஒரு நாள், களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கேன்டீனுக்கு எங்கள் குழுவிடம் மாதாமாதம் மரச்செக்கு எண்ணெய் வாங்கும் தம்பி போன் பண்ணினார். "ஏனுங்க சார், பேங்க் அக்கவுண்ட மாத்திட்டீங்களா? பாக்கி 62,000 ரூபாயைப் புது நம்பருக்குப் போடச் சொல்லி மெயில் வந்திருக்குதுங்க."

நாங்கள் எதையும் மாற்றவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால், 'இந்த முகவரியில் ஆள் இல்லை' என்று நானூறு மெயில் திரும்பி வந்து கிடக்கிறது. எல்லாமே எங்கள் குழுவின் முகவரியிலிருந்து போனதாகக் காட்டின. பதறிப்போய் பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளும் இருநூறு வந்தது. அப்புறம்தான் புரிந்தது, எங்கள் கணக்குக்குள் யாரும் நுழையவே இல்லை.

எப்படி முடிகிறது?

மெயில் அனுப்பும் முறை 1982-இல் வகுக்கப்பட்டது. தபால் உறையில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதலாம். தபால்காரர் கேட்க மாட்டார். மெயிலும் அப்படித்தான். போய்ச் சேராத கடிதம், எழுதியவனிடம் போகாது. உறையில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான் திரும்பும். அந்த நானூறும் அப்படி வந்தவை.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம். செக்கில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் பணம் கொடுப்போமா? மெயிலுக்கும் அந்த ஏற்பாடு பின்னாளில் வந்திருக்கிறது. நாங்கள்தான் செய்து வைக்கவில்லை. நம் டொமைன் பதிவில் மூன்று வரிகள் சேர்க்க வேண்டும்:

1. எஸ்பிஎஃப்: எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல். கணக்கை இயக்க அதிகாரம் பெற்றவர்கள் பட்டியல் மாதிரி.

2. டிகேஐஎம்: ஒவ்வொரு மெயிலிலும் விழும் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி நம் டொமைனில் இருக்கும். வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்து அட்டைபோல.

3. டிமார்க்: இந்த இரண்டில் ஒன்றாவது நம் டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறுபவருக்கு நாம் தரும் உத்தரவு. சும்மா கவனி, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு என்று மூன்று நிலை.

டொமைன் விற்றவரிடமும் மெயில் சேவை தருபவரிடமும் கேட்டால் வழி சொல்வார்கள். இந்த வரிகளைச் சேர்க்கத் தனிக் கட்டணம் எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் 'திருப்பி அனுப்பு' என்று போட்டுவிடாதீர்கள். பில் போடும் மென்பொருளும் நம் பெயரில் மெயில் அனுப்பும். அது பட்டியலில் விடுபட்டால் நம் பில்லே திரும்பும். சில வாரம் 'கவனி'யில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்து, படிப்படியாக இறுக்குங்கள். நாங்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு கூகுளும் யாகூவும் இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன.

டொமைன் வாங்கி இணையதளம் மட்டும் வைத்திருக்கும் குழுக்களும் இதைச் செய்ய வேண்டும். 'இந்தப் பெயரில் யாரும் மெயில் அனுப்புவதில்லை' என்று பதிவு போட்டுவிடலாம். பூட்டாத வீடுதான் முதலில் கண்ணில் படும்.

இது போதுமா?

போதாது. ஒரு எழுத்தை மாற்றி நம் பெயர் போலவே வேறு டொமைன் வாங்கினால், இந்த வேலி தடுக்காது. இந்தத் தொல்லைக்காகத்தான் வங்கிகளுக்கென்றே '.பேங்க்.இன்' என்ற தனி முகவரியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்து, 2025 அக்டோபர் 31-க்குள் மாறச் சொன்னது. நமக்கு அந்த வசதி இல்லை. எங்கள் தவறும் ஒன்று உண்டு. பெருமைக்காக, எண்ணெய் வாங்கும் கம்பெனிகளின் பெயரையெல்லாம் இணையதளத்தில் போட்டு வைத்திருந்தோம். அதை எடுத்துவிட்டோம்.

இப்போது எங்கள் பில்லின் அடியில் ஒரு வரி அச்சிடுகிறோம்: 'வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் சொல்ல மாட்டோம். சந்தேகம் வந்தால் பழைய போன் நம்பரில் கூப்பிடுங்கள்.' பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆக மீட்பது கஷ்டம்.

அந்தத் தம்பி போன் பண்ணாமல் இருந்திருந்தால், பணம் அவருடையது போயிருக்கும்; பெயர் எங்களுடையது போயிருக்கும். ஏழு வருஷமாக மாதம் தவறாமல் நேரில் போய் எண்ணெய் இறக்கிய பழக்கம்தான் அவரைப் போனை எடுக்க வைத்தது.